பாட்டு நம்மிடம், பத்திரம் யாரிடம்?

பரமக்குடி, முதுகுளத்தூர், ராமேஸ்வரம் பக்கத்துக் காலனிகளில் செல்போனில் பீட் போட்டுச் சொல்லிசை பாடும் பிள்ளைகள் கூடிக்கொண்டே போகிறார்கள். யாரைப் போல வர ஆசை என்று கேட்டால், "அறிவு மாதிரி வரணும்ண்ணே" என்கிறார்கள். நல்ல ஆசைதான். அரக்கோணத்திலிருந்து கிளம்பி வந்த ஒரு தலித் இளைஞன், பாட்டியின் பெயரைச் சொல்லிப் பாடி உலகத்தையே ஆட வைத்தான் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் தோழர்களே, 'அறிவு மாதிரி' என்றால் என்ன என்று ஒருமுறை நின்று யோசிக்க வேண்டும். மேடையா? கூட்டமா? சினிமா வாய்ப்பா? இவை எல்லாம் கிடைத்த பிறகும் அறிவு ஒரு நாள் "அந்தப் பாட்டை எழுதியது நான்" என்று ஊருக்கே சொல்ல வேண்டிய நிலைமை வந்ததே, அது ஏன்? அவருடைய பயணத்தில் நாம் படிக்க வேண்டிய பாடம் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

நம் கடற்கரை வழியாகப் போன கதை

'என்ஜாய் எஞ்சாமி' தன் பாட்டி வள்ளியம்மாளின் கதை என்று அறிவு பலமுறை சொல்லியிருக்கிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு, சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லாமல் இங்கே வந்து சேர்ந்த தலைமுறை அது. அந்தத் தலைமுறையின் தடம் நம் கடற்கரையில் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

மலையகத்துக்குக் கூலிகளை ஏற்றிப்போன பெரிய வழிகளில் ஒன்று நம் மண்டபம். 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அதற்கு முன்னால், மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் ஆட்களை நிறுத்திவைத்து, காலரா இருக்கிறதா, அம்மை இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவார்கள். அந்த இடத்தின் பெயரோடு 'கேம்ப்' என்ற சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ராமநாதபுரம், மதுரை, திருச்சி, தஞ்சாவூர், சேலம் சீமைகளிலிருந்து அப்படிப் போனவர்களில் பெரும் பங்கினர் பறையர், பள்ளர், அருந்ததியர்.

போனவர்களைக் கட்டிப்போட்டது சங்கிலியில்லை, காகிதம். கங்காணியிடம் வாங்கிய முன்பணம் கடனாக எழுதப்படும். அந்தக் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் புதிய முதலாளி அந்தக் கடனை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆளோடு கடனும் கைமாறும். 1921இல்தான் அந்த முறையை ஒழித்தார்கள். எழுதப்படிக்கத் தெரியாத ஒருவரின் வாழ்க்கை, அவரால் வாசிக்க முடியாத ஒரு சீட்டில் இருந்தது.

அடுத்த காகிதம் 1948இல் வந்தது. இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பிரதமர்கள் எழுதினார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒப்பந்தம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. நம் துறைமுகத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானல் பக்கத்துக்கும் சிதறிப்போன குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் கையில் இருந்தது தகரப்பெட்டி. வாயில் இருந்தது ஒப்பாரியும் தாலாட்டும் தோட்டத்துப் பாட்டும். தகரப்பெட்டியைச் சுங்கத்தில் திறந்து பார்த்தார்கள். பாட்டுக்கு மதிப்பு இருக்கும் என்று அன்று எந்த அதிகாரிக்கும் தோன்றவில்லை.

அந்தப் பாட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்று 2021இல் உலகத்துக்குத் தெரிந்தது. தெரிந்ததும், பழைய கேள்வி திரும்பி வந்தது: காகிதம் யார் கையில்?

மேடை வந்தது, முகம் போனது

அறிவின் பெற்றோர் ஆசிரியர்கள். அம்பேத்கரைப் படித்த வீடு. 2017இல் இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவைத் தொடங்கினார்கள். அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து எடுத்த பெயர் அது. கானா, பறை, ராக், சொல்லிசை எல்லாம் ஒரே மேடையில். அறிவு வெளியே தெரிய வந்தது அங்கேதான். 2019இல் இசைத் தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு 'தெருக்குறல்' தொகுப்பு. குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக மக்கள் தெருவில் நின்றபோது 'சண்ட செய்வோம்'. அப்புறம் 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு'. இயக்க மேடை, தனியிசை, சினிமா என்று மூன்று தளத்திலும் கால் பதித்த தமிழ்ச் சொல்லிசைக் கலைஞர்கள் அதிகமில்லை.

2021 மார்ச் 7இல் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. பாடகி தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசை. வெளியிட்டது, ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு தனியிசைக்காகத் தொடங்கப்பட்ட 'மாஜா' தளம். யூடியூபில் மட்டும் 40 கோடிக்கு மேல் பார்வைகள்.

அதே வருடம் ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் தீயும், 'நீயே ஒளி' பாடிய கனடாத் தமிழ்க் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் வந்தார்கள். இரண்டு பாட்டின் வரிகளிலும் கையிருந்த அறிவு அட்டையில் இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார்; சர்ச்சை வெடித்தது; அதற்குப் பிறகுதான் அந்த இதழ் அறிவுக்கென்று இணைய அட்டை ஒன்று போட்டது. 2022 ஜூலை 28, சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதல்வரும் உட்கார்ந்திருந்த அரங்கில் தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் அந்தப் பாட்டைப் பாடினார்கள். அறிவு அமெரிக்காவில் இருந்ததால் வரவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். சில நாளில் அறிவு நீண்ட பதிவொன்றை எழுதினார். எழுதியதும் மெட்டுக் கட்டியதும் பாடியதும் தான்தான், ஆறு மாதம் தூக்கமில்லாமல் உழைத்தேன் என்றார். இசையமைத்தது தான் என்றும், வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்றும் சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார். அறிவின் பெயரைத் தான் எங்கும் மறைத்ததில்லை என்றார் தீ.

மெட்டு யாருடையது என்ற வழக்கில் நீதிபதியாக உட்கார எனக்கு விருப்பமில்லை. கிடாக்குழி மாரியம்மாள் அந்த மேடையில் நின்றதில் எனக்கு மகிழ்ச்சிதான். மேடை எட்டாத நாட்டுப்புறக் குரல்களில் அவரும் ஒருவர். நான் கேட்பது வேறு. பாட்டியின் கதையைச் சொன்னவர் மேடையில் இல்லாதது அந்த விழாவை நடத்தியவர்களுக்கு ஒரு குறையாகவே தெரியவில்லையே, அது எப்படி?

2024 மார்ச்சில் கதை இன்னொரு பக்கம் திரும்பியது. இந்தப் பாட்டிலிருந்து மூவருக்கும் ஒரு பைசாகூட வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே காணொளியில் சொன்னார். ரஹ்மானும் இதில் பாதிக்கப்பட்டவர்தான் என்றார். நிறுவனம் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. உண்மை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் பாடியவர்கள் கையில் இல்லை.

"இதில் சாதி எங்கே வந்தது?"

இந்தக் கேள்வியைக் கல்லூரி நண்பர்கள் உங்களிடம் கேட்பார்கள். சந்தோஷ் நாராயணனுக்கே பணம் வரவில்லை என்றால், எல்லாக் கலைஞரையும் ஏமாற்றும் வியாபாரம்தானே இது, ஏன் சாதியை இழுக்கிறீர்கள் என்பார்கள். நியாயமான கேள்வி, கோபப்படாமல் பதில் சொல்லப் பழகுங்கள்.

இங்கே இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று பணக் கணக்கு. அதில் மூவருமே ஒரே பக்கம் நிற்கலாம். இன்னொன்று பெயர்க் கணக்கு. அட்டைப்படத்தில் யார், மேடையில் யார், உலகத்துக்கு இந்தப் பாட்டின் முகம் யார் என்ற கணக்கு. அதில் ஒவ்வொரு தடவையும் விடுபட்டது ஒரே ஆள்தான். யாராவது அறையில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டம் போடத் தேவையில்லாமலே அது நடக்கும் என்பதுதான் சாதி.

நம் ஊர்களில் பறையடித்தவரின் நிலை என்ன? சாவு வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் அவர் வந்தே ஆக வேண்டும். கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குக் கூலி என்றுகூடப் பெயரில்லை, 'சுதந்திரம்' என்றார்கள். விடுதலையைக் குறிக்கிற சொல்லையே நம் அடிமை வேலைக்குக் கிடைத்த படிநெல்லுக்குப் பெயராக வைத்தார்கள்! ஒப்பாரி பாடிய பெண்ணின் பெயரை எந்த ஏட்டில் எழுதினார்கள்? கலை நம்முடையதாக இருக்கும்வரை அது ஊழியம். அது சபைக்குப் போனால்தான் கலை. அந்த மனப்பழக்கம்தான் பாட்டை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுகிறது. நிலத்திலும் இதுதானே நடந்தது? பஞ்சமி நிலம் என்று அரசு எழுதிக்கொடுத்த நிலம் இன்று யார் பெயர்ப் பட்டாவில் இருக்கிறது என்று உங்கள் தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

லண்டன் பிள்ளைகள் செய்தது

கடல் தாண்டி ஒரு ஊரைப் பார்ப்போம். 2000களின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனின் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 'கிரைம்' என்ற சொல்லிசை வகை பிறந்தது. குற்றம் என்று பொருள் வரும் சொல் அல்ல, அழுக்கு, கரி என்று பொருள். பெரும்பாலும் ஆப்பிரிக்க, கரீபியக் குடியேறிகளின் பிள்ளைகள். பெரிய வானொலிகள் தீண்டவில்லை. உரிமமில்லாத வானொலிகளில் பாடினார்கள். 2005இல் லண்டன் போலீஸ் '696' என்று ஒரு படிவம் கொண்டுவந்தது. நிகழ்ச்சி நடத்துபவர்கள் முன்கூட்டியே நிரப்பித் தர வேண்டும். எந்த வகை இசை, எந்த இனத்தார் கூட்டத்துக்கு வருவார்கள் என்றுகூட ஆரம்பத்தில் அதில் கேட்டார்கள். 2017இல்தான் அதைக் கைவிட்டார்கள். ஒவ்வொரு செப்டம்பர் 11க்கும் 144 தடையுத்தரவு, வாகனக் கட்டுப்பாடு, ஒலிபெருக்கிக் கெடுபிடி என்று பார்த்து வளர்ந்த ராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளைகள் ஒரு காரியம் செய்தார்கள். கம்பெனி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. நைஜீரியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த அண்ணன் தம்பி ஸ்கெப்டாவும் ஜேஎம்ஈயும் 2005இல் 'பாய் பெட்டர் நோ' என்று சொந்த நிறுவனம் தொடங்கினார்கள். தாங்களே இசைத்தட்டு அடித்தார்கள், தங்கள் பெயர் போட்ட டி-ஷர்ட் விற்றார்கள். 2014இல் ஸ்கெப்டாவின் ஒரு பாட்டுக்கு 80 பவுண்டு செலவில் எடுத்த காணொளி, பெரிய கம்பெனிக் காணொளிகளைத் தாண்டி 'மோபோ' விருது வாங்கியது. 2016இல் அவருடைய 'கொன்னிச்சிவா' தொகுப்பு சொந்த நிறுவனத்திலேயே வெளிவந்து, பிரிட்டனின் மதிப்புமிக்க மெர்க்குரி பரிசை வென்றது. பிறகு ஆடை வடிவமைப்பு வரை அவர் தொழிலை விரித்தார். கானாத் தாய்க்குப் பிறந்த ஸ்டார்ம்ஸியின் முதல் தொகுப்பு 2017இல் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதுவும் சொந்த நிறுவன வெளியீடு. அடுத்த வருடம் அவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களுக்கு உதவித்தொகை தொடங்கினார், புத்தகப் பதிப்பும் தொடங்கினார்.

இதைச் சொல்வதால் நான் முதலாளித்துவத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு கறுப்பினப் பாடகர் பணக்காரர் ஆவதால் அந்த அடுக்குமாடியில் இருக்கும் எல்லோரும் விடுதலை ஆகிவிடமாட்டார்கள். ஸ்டார்ம்ஸியின் பதிப்பகமே பெங்குயின் என்ற பெரிய நிறுவனத்தின் கிளைதான். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: பாட்டைப் பெரிய இடத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், அந்தப் பாட்டின் பத்திரத்தைத் தங்கள் பெயரில் எழுதிக்கொண்டார்கள்.

இது நமக்குப் புதிதில்லை

இதை லண்டனிலிருந்து இறக்குமதி செய்யத் தேவையில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சொன்ன பெயரையே முகப்பில் அச்சடித்தார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920இல் பாபாசாகேப் 'மூக்நாயக்' தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். நம் செய்தியை அடுத்தவன் பத்திரிகை போடுமா என்று இவர்கள் காத்திருக்கவில்லை. இன்று நீலம் பண்பாட்டு மையம், நீலம் பதிப்பகம், மார்கழியில் மக்களிசை எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். அறிவும் அந்த வழிக்கே திரும்பினார். 'அம்பசா' என்று தன் இசைக்குழுவை அமைத்தார். 'வள்ளியம்மா பேராண்டி' என்ற பெயரில் தன் தொகுப்பை 2024இல் வெளியிட்டார். யாருடைய பேரன் என்பதைத் தலைப்பிலேயே எழுதிவிட்டார். இனி அட்டையில் யார் படம் போட்டாலும் அந்தப் பெயரை அழிக்க முடியாது. 2025இல் 'கூலி' படத்தின் 'சிக்கிட்டு' பாட்டில் டி. ராஜேந்தர், அனிருத்தோடு அவர் குரலும் ஒலித்தது. சினிமாவுக்குப் போகலாம், தப்பில்லை. திரும்பி வர ஒரு வீடு வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன்

பாடும் பிள்ளைகளே, சட்டத்தைப் பற்றிச் சில விஷயங்களை மனதில் வையுங்கள். பதிப்புரிமைச் சட்டம், 1957. நீங்கள் எழுதிய வரிக்கு, எழுதிய நொடியிலிருந்தே உரிமை உண்டு. பதிவு செய்யாவிட்டாலும் உண்டு. ஆனால் ஒலிப்பதிவின் உரிமை பொதுவாக அதைத் தயாரித்தவருக்குப் போகும். வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். எதை விற்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 19ஆவது பிரிவு. எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு. எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் ஒப்பந்தங்களில் 'நிரந்தரமாக', 'உலகம் முழுவதும்' என்று போட்டுக் கொண்டுவருகிறார்கள். அந்தச் சொற்களைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். 2012இல் வந்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சமப்பங்கு தருகிறது; அதை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன் என்று நீங்களே எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. 57ஆவது பிரிவு, உரிமையை விற்ற பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமையை உங்களிடமே விட்டுவைக்கிறது. ராயல்டி வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பில் பாடலாசிரியராகச் சேரலாம். நம் வழக்கறிஞர் தோழர்கள் வன்கொடுமை வழக்குகளுக்கு நடுவே மாதம் ஒரு மாலை இந்தப் பிள்ளைகளின் ஒப்பந்தங்களையும் படித்துக் கொடுத்தால், அதுவும் இயக்க வேலைதான்.

இன்னொன்று, இது நமக்குள்ளேயே பேச வேண்டியது. நம் தெருவில் ஒப்பாரி பாடும் ஆத்தாவிடம் ஒரு மெட்டை எடுத்து அதன்மேல் பீட் போட்டு யூடியூபில் ஏற்றுகிறோம். அந்த ஆத்தாவின் பெயர் எங்கே? பறையடித்த அண்ணனின் பங்கு எவ்வளவு? பெரிய கம்பெனி நமக்குச் செய்ததை நாம் அவர்களுக்குச் செய்தால், நம் கேள்விக்கு எடையில்லை. அடுத்த பாட்டை ஏற்றும்போது கீழே எல்லாப் பெயரையும் எழுதுங்கள். பத்து ரூபாய் வந்தாலும் பங்கை முன்பே பேசி, ஒரு தாளில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைப்பவர் இருந்தால் வாசித்துக் காட்டிவிட்டு வாங்குங்கள்.

மண்டபத்தில் வரிசையில் நின்ற நம் தாத்தா பாட்டிகளிடம் நீட்டிய காகிதத்தை அவர்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை. நமக்கு வாசிக்கத் தெரியும். அந்தப் படிப்பை வாங்கிக் கொடுக்கத்தான் அவர்கள் அவ்வளவு பாடுபட்டார்கள்.

ஜெய்பீம்.